லயத்தில் ஒரு டீவி இருந்த காலம்: அது நம்முடைய டீவியா?

தொங்கல்லயம்

கொஞ்ச நாளாக என் போனில் இலங்கை அரசாங்க டீவியான ரூபவாஹினியின் பழைய நிகழ்ச்சிகள் துண்டு துண்டாக வந்துகொண்டிருக்கின்றன. நேற்று ராத்திரி 'ஹா ஹா ஹரி ஹாவா' வந்தது. பக்ஸ் பனி முயல் சிங்களம் பேசுமே, அதுதான். மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அரை நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன், மறுக்கிறவர்கள் மறுக்கலாம். மலையகத்தில் லயத்துக்கு, அதாவது தோட்டத்தில் வரிசையாய் ஒட்டிக் கட்டின வீடுகளுக்கு, ஒரு டீவி இருந்த காலம்தான் டீவிக்கே நல்ல காலம். அந்தக் கார்ட்டூனும் நாடகமும் விளம்பரமும் இன்றைக்கு வருகிற எதையும்விட நம் மனசில் நிற்கிறது என்றால், அதற்குக் காரணம் நாம் அதைக் கூடி உட்கார்ந்து பார்த்தோம் என்பதுதான்.

நான் தலவாக்கலைப் பக்கம். எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, வீட்டுக்கு ஒரு அறை. கரண்ட் கிடையாது. கங்காணி மாமா வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த ஈபிஎப் சேமலாபக் காசில் 14 அங்குல கறுப்பு வெள்ளை டீவி ஒன்று வாங்கினார். மேசைக்கு மேலே டீவி, மேசைக்குக் கீழே கார் பெட்டரி. பெட்டரி இறங்கினால் சாக்கில் கட்டித் தோளில் வைத்து, குறுக்குப் பாதையில் டவுனுக்கு இறங்கி சார்ஜ் போட்டுக்கொண்டு வரவேண்டும். அதற்கு வீட்டுக்கு வீடு காசு சேர்ப்போம். சுமந்து வந்த அண்ணன்மாரின் சாரத்தில் ஆசிட் பட்டு ஓட்டை விழுந்திருக்கும்.

பெட்டரி பலம் குறைந்தால் படம் இரண்டு பக்கமும் சுருங்கும். நாடகத்தில் நடிக்கிறவர்கள் மெலிந்துகொண்டே போவார்கள். கங்காணி மாமா விளம்பரம் வந்தவுடன் டீவியை நிறுத்திவிடுவார், பெட்டரி மிச்சமாகும் என்று. அதனால் எங்களுக்கு விளம்பரம் என்பது அபூர்வம். புதிதாய் சார்ஜ் ஏற்றிய அன்றைக்கு மட்டும் நிறுத்தாமல் ஓடவிடுவார். பிஸ்கட், மாஜரின், சவர்க்காரம், பால்மா எல்லாம் அன்றைக்குத்தான் பார்ப்போம். மறுநாள் முழுக்க அந்தப் பாட்டைக் கொழுந்து மலை வரைக்கும் பாடிக்கொண்டு போவோம். விளம்பரத்துக்காக ஏங்கிய பிள்ளைகள் வேறெங்காவது இருந்திருப்பார்களா?

பசறை டீச்சர்

அண்ணன், நீங்கள் எழுதியதில் பெட்டரி பற்றிய ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் உங்கள் கட்சியை நான் ஏற்கவில்லை.

பன்னிரண்டு காம்பராவும் கூடி உட்கார்ந்தது என்கிறீர்கள். உங்கள் கங்காணி மாமா நல்ல மனுஷர். எங்கள் தோட்டத்தில் முதல் டீவி வந்தது ஸ்டாஃப் குவாட்டர்ஸில் ஒரு வீட்டுக்கு. நாங்கள் பிள்ளைகள் வெளியே பூப்பாத்தியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பூச்செடி மிதிபட்டால் ஜன்னல் சீலை இழுத்து மூடப்படும். சீலை மூடிய பிறகும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகித்துக்கொண்டு நிற்போம். குளிரில் கால் விறைக்கும். இதை நான் எப்படி 'நல்ல காலம்' என்று சொல்வது?

இன்னொன்று, அந்தப் பெட்டி யாருடைய மொழியில் பேசியது? தமிழ்ச் செய்தி இருந்தது, வாரத்தில் சில தமிழ் நிகழ்ச்சிகள் இருந்தன. மிச்சமெல்லாம் சிங்களம், ஆங்கிலம். எங்கள் வீடு சிங்களக் கிராமத்து நாட்டுப்பக்கம் ஒட்டி இருந்ததால் எனக்குச் சின்ன வயதிலேயே சிங்களம் ஓடும். பிறகு எங்கள் லயத்துக்கும் ஒரு டீவி வந்தபோது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையான என்னை டீவிக்குப் பக்கத்தில், சனங்களைப் பார்த்த மாதிரி உட்கார வைத்தார்கள். ஓஷின் நாடகம் ஓடும். நான் காதால் கேட்டு வாயால் தமிழில் சொல்ல வேண்டும். என் முதுகு டீவிக்கு, முகம் அம்மாமாருக்கு. ஜப்பானில் என்எச்கே அந்த நாடகத்தை 1983இல் தொடங்கி 297 பாகமாக எடுத்தது. இங்கே வந்ததில் ஒன்றைக்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை. கேட்டேன், சொன்னேன், அவ்வளவுதான்.

ரேடியோக்காரர்

இரண்டு பேரும் டீவியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது, நான் சொல்கிறேன். மலையகத்துக்கு உண்மையில் சொந்தமாக இருந்தது இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை. டீவி பிற்பாடு வந்த விருந்தாளி. 1979இல் ஐடிஎன், 1982இல் ரூபவாஹினி. அதற்கு எத்தனையோ வருஷம் முந்தியே பொங்கும் பூம்புனல் என்ற காலைப் பாட்டு நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே நாங்கள் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போனோம். அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், அப்துல் ஹமீது குரலெல்லாம் வீட்டு ஆட்களின் குரல் மாதிரி. அப்துல் ஹமீது நடத்திய பாட்டுக்குப் பாட்டை அப்புறம் தமிழ்நாட்டு டீவிக்காரர்களே எடுத்துப் போட்டார்கள்.

விளம்பரம் என்றால் அதுவும் ரேடியோவில்தான். கோபால் பல்பொடி விளம்பரத்தில் நாடுகளின் பேரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும்போது சிலோன் என்று நம் ஊர்ப் பேரும் வரும். அந்த இடத்தில் என் அப்பாயி ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டுவார்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. மரண அறிவித்தல். பதுளையில் செத்தவருக்கு மஸ்கெலியாவில் ஒரு தங்கச்சி இருப்பாள். தந்தி தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து மலைக்கு ஆள் போய்ச் சொல்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். ரேடியோவில் பேர் சொன்னால் அந்த நிமிஷமே லயம் எழுந்து நிற்கும். என் சித்தப்பா செத்தது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. சோறு பிசைந்த கையோடு அம்மா வாசலுக்கு ஓடினாள். எந்த டீவி நமக்கு அப்படி ஒரு காரியம் செய்தது?

பெட்டரிக்கடை

ஐயா சொல்வது சரி. ரேடியோவுக்கு டோர்ச் பெட்டரி நாலு போதும், அதுவே பெரிய வித்தியாசம். ஆனாலும் டீவிக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பண்டாரவளையில் 1986 தொடக்கம் பெட்டரி சார்ஜ் பண்ணி, டீவி திருத்திப் பிழைத்தவன் நான்.

படம் சுருங்குவதற்குக் காரணம்: 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 10க்குக் கிட்ட இறங்கும்போது படக்குழாய்க்குள் ஓடுகிற ஒளிக்கற்றையை அகலமாய் இழுக்கப் பலம் போதாது. பெட்டியில் கோளாறு ஒன்றும் இருக்காது. ஆனால் டீவி பழுது என்று சொல்லித் தலையில் சுமந்துகொண்டு வருவார்கள். சின்ன கறுப்பு வெள்ளைப் பெட்டி பதினைந்து வாட்ஸ் அளவில்தான் இழுக்கும். நல்ல பெட்டரி என்றால் ராத்திரி இரண்டு மணித்தியாலம் போட்டாலும் ஒரு கிழமைக்கு மேல் தாங்கும். ஆனால் லயத்துக்கு வருவது லொறியில் ஓடித் தேய்ந்த பழைய பெட்டரி. அது நாலு நாளில் கையை விரிக்கும்.

அப்புறம் படத்தில் விழுகிற நிழல். ரூபவாஹினியின் பெரிய கோபுரம் நம் பிதுருதலாகலை உச்சியில் இருக்கிறது. 2,524 மீற்றர், நாட்டிலேயே உயரமான இடம். கொழும்புக்காரர்கள் நமக்குப் படம் தெளிவாய் விழும் என்று நினைப்பார்கள். அலை நேர்கோட்டில்தான் ஓடும். கோபுரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் நடுவில் ஒரு மலை எழும்பி நின்றால் முடிந்தது. நேராக வருகிற அலையோடு எதிர்மலையில் பட்டுத் திரும்பி வருகிற அலையும் சேர்ந்து வந்து, ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் தெரியும். அதற்கு ஒரே மருந்து அன்டெனாவைத் திருப்புவது. சில லயங்களில் நான் அன்டெனாவை கோபுரம் இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டி, எதிர்மலையைப் பார்த்துக் கட்டியிருக்கிறேன். திரும்பி வருகிற அலைதான் அங்கே சுத்தமாக இருந்தது. மூங்கில் கம்பைப் பிடித்துக்கொண்டு ஒருவன் கூரை மேலே, "இப்போ வருதா?" என்று கேட்க, உள்ளேயிருந்து இருபது பேர் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். டீச்சர், நீங்கள் சொல்கிற ஜன்னல் சீலையும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த இருபது குரலையும் நான் கேட்டிருக்கிறேன்.

கொட்டகலை2000

எனக்கு இருபத்தைந்து வயது. பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. நீங்கள் எல்லாரும் பேசுவதைப் பார்த்தால் எங்கள் காலத்தில் பார்த்ததற்கு ஞாபகம் என்ற தகுதியே இல்லை என்பது போல இருக்கிறது. எங்கள் வீட்டில் டிஷ் இருந்தது. 2007இல் சுட்டி டிவி வந்தபோது நான் சின்ன வகுப்பு. நாள் முழுக்கத் தமிழ்க் கார்ட்டூன். ஸ்கூல் விட்டு ஓடி வந்து சப்பாத்தைக் கழற்றாமல் பார்ப்பேன். நான் தனியாகத்தான் பார்த்தேன். அம்மா மலையில், அப்பா கொழும்பில் கடையில். அந்தத் தமிழ்க் குரல்கள்தான் எனக்குத் துணை. கூட்டமாகப் பார்த்தால்தான் மனசில் நிற்கும் என்று முதல் பதிவில் அண்ணன் எழுதியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

தொங்கல்லயம்

தம்பி, உங்களைக் குறைத்து எழுதவில்லை. தனியாக இருந்த பிள்ளைக்கு அது துணை என்றால் அதை யாரும் பறிக்க முடியாது. நான் இழந்தது வேறு, அதைத்தான் சொன்னேன்.

டீச்சருக்குப் பதில் சொல்கிறேன். மொழியைப் பற்றி. நான் சிங்களம் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, டைட்டஸ் தொட்டவத்தவிடம். அவரை நேரில் பார்த்ததில்லை. 1956இல் வந்த ரேகாவ என்ற சிங்களப் படத்துக்கு எடிட்டிங் செய்தவர். பிறகு ரூபவாஹினியில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களமாக்கினார். அமெரிக்காவில் 1961இல் டொப் கெட் என்று 30 பாகம் வந்த பூனைக் கதை, இங்கே 'பிஸ்ஸு பூஸா' ஆனது, பைத்தியக்காரப் பூனை. டொக்டர் டூலிட்டில் 'தொஸ்தர ஹொந்தஹித' ஆனது, நல்ல மனசு டாக்டர். அவர் சொல்லுக்குச் சொல் மாற்றவில்லை. முயலையும் பூனையையும் இந்த நாட்டுக்காரர்கள் ஆக்கிவிட்டார். அந்தப் பூனை பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் டவுனில் கடைக்காரரிடம் வாய் திறந்து பேசினேன். 83 இனக்கலவரத்துக்குப் பிறகு சிங்களம் என்றாலே வீட்டில் பயம். என் அப்பா டவுனுக்குப் போனால் தமிழில் பேசமாட்டார், சிங்களமும் வராது, கையைக் காட்டிச் சாமான் வாங்குவார். எனக்கு அந்தப் பயத்தைப் போக்கியது ஒரு முயலும் ஒரு பூனையும். 2011இல் அந்த மனுஷர் செத்த செய்தி வந்தபோது நான் அழுதேன்.

பசறை டீச்சர்

அண்ணன், இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். உங்கள் அப்பா கையைக் காட்டிச் சாமான் வாங்கியதை என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறேன்.

தொட்டவத்த செய்தது பெரிய வேலை. அதை மறுக்க நான் யார். ஆனால் அதே வேலையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏன் ஒருவரும் அன்றைக்குச் செய்யவில்லை? 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் ஆட்சி மொழி என்று சொல்லிவிட்டது. சட்டம் சொன்ன பிறகும் எங்கள் முயல் தமிழ் பேசவில்லை. தனியாக ஒரு தமிழ்ச் சனல் என்று சக்தி 1998இல் வந்தது. அரசாங்கத்துப் பக்கம் வசந்தம் 2009இல் வந்தது. அப்போது நான் டீச்சராகிப் பல வருஷம். தொங்கல்லயம் அண்ணனுக்குச் சிங்களம் கிடைத்தது, நல்லது. எங்கள் லயத்தில் அதே கார்ட்டூனைப் பார்த்து ஒரு வார்த்தையும் விளங்காமல், மற்றவர்கள் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்த பிள்ளைகள் எத்தனை பேர்! டொம் அன்ட் ஜெரி வந்தால்தான் அவர்கள் முகம் உண்மையாக மலரும். அதில் பேச்சே இல்லை, எலியும் பூனையும் ஓடினால் போதும். அந்த ஒன்றுக்கு நான் மொழிபெயர்க்கத் தேவையில்லாததால் எனக்கும் திரும்பி உட்கார்ந்து பார்க்கக் கிடைத்தது.

விளம்பரத்துக்கும் வருகிறேன். தேயிலை விளம்பரம் ஒன்று வரும். எந்தக் கம்பனி என்பது வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரிதான். பச்சை மலை, வெயில், இஸ்திரி போட்ட சேலையில் ஒரு பெண், இரண்டு விரலால் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டுச் சிரிப்பாள். ஒரு நாள் மழையில் நனைந்து, இடுப்பில் கட்டின படங்கைக்கூட அவிழ்க்காமல் அம்மா வந்து நின்றாள். அன்றைக்குக் கொழுந்து நிறை காணாமல் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், போட்டிருந்தார்கள். அந்த விளம்பரம் ஓடியது. அம்மா குனிந்து தன் கணுக்காலில் இருந்த அட்டையை உப்புத் துணியால் தேய்த்து எடுத்துக்கொண்டே, "அந்தப் புள்ள காலக் காட்டச் சொல்லு" என்றாள். விளம்பரத்தில் காலைக் காட்டவே இல்லை. அந்தப் பெட்டியில் நாங்கள் இருந்தது அவ்வளவுதான். இடுப்புக்கு மேலே, சிரித்துக்கொண்டு. அதனால்தான் கேட்கிறேன், அது எப்படி நம்முடைய டீவி?

ரேடியோக்காரர்

டீச்சர், இந்த ஒரு பதிவுக்காகவே இந்த விவாதம் நடக்கலாம்.

பெட்டரிக்கடை

எனக்குப் பதில் இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு நாளுக்கான பதில். 1996 மார்ச் 17. உலகக் கிண்ண இறுதி ஆட்டம், லாகூர். அன்றைக்குக் கடையில் பெட்டரி வாங்கிப் போனவர்கள் வரிசை ரோட்டு வரைக்கும் நின்றது. என்னிடம் இருந்த சார்ஜர் போதவில்லை. அரவிந்த டி சில்வா 107 அடித்தார், அதெல்லாம் சரி. ஆனால் பந்தைக் கையில் வாங்கி முரளி ஓடி வந்தபோது எழுந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. முரளிதரனுடைய தாத்தா தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர். கண்டிப் பிள்ளை. எங்கள் கடைக்கு முன்னால் நின்ற ஒரு கிழவிக்குக் கிரிக்கெட் தெரியாது. "நம்ம பையனா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றோம். ஆட்டம் முடியும் வரைக்கும் நின்றாள். அன்றைக்கு அது நம்முடைய டீவிதான் டீச்சர்.

பசறை டீச்சர்

அதை ஏற்றுக்கொள்கிறேன் அண்ணன். அந்த ஒரு நாளை ஏற்றுக்கொள்கிறேன்.

வத்தளையிலிருந்து

நான் இங்கே வாசிப்பவள்தான், எழுதுவதில்லை. ஓஷின் என்று டீச்சர் எழுதியதால் எழுதுகிறேன். நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம். ஒன்பது வயதில் என்னைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். எந்த வீடு என்பது தேவையில்லை.

அங்கே கலர் டீவி. நான் குசினிக் கதவடியில் நின்று பார்க்கலாம், உட்காரக்கூடாது. ஓஷினுக்கு ஏழு வயது. ஒரு மூடை அரிசிக்காக வீட்டை விட்டு வேலைக்கு அனுப்புவார்கள். பனியில் ஆற்றில் தெப்பத்தில் போவாள். அம்மாவும் அப்பாவும் கரையில் நிற்பார்கள். எனக்கு அப்போது சிங்களம் சரியாக வராது. அந்த இடத்துக்கு மொழி தேவையாக இருக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போனது ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து ரயிலில். என் அப்பா மேடையில் நின்றார், கையில் குடை, விரிக்கவில்லை, மழை பெய்தது.

அந்த வீட்டு அம்மா ஓஷினைப் பார்த்து அழுவார். லேஞ்சியால் கண்ணைத் துடைப்பார். அழுதுகொண்டே திரும்பி என்னிடம் தேத்தண்ணி கேட்பார். நான் போய் ஊற்றி வருவதற்குள் அந்தக் கட்டம் முடிந்திருக்கும்.

அது நம்முடைய டீவியா என்று கேட்கிறீர்கள். டீவி அவர்களுடையது. ஓஷின் என்னுடையவள். இதை எவராலும் மாற்றிச் சொல்ல முடியாது.

தொங்கல்லயம்

தங்கச்சி, அக்கா, எந்த முறையில் கூப்பிடுவது என்று தெரியவில்லை. உங்கள் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் லயத்தில் ஆறாம் காம்பராவிலிருந்து ஒரு பிள்ளை கொழும்புக்குப் போனாள். ஓஷின் ஓடும்போது அவள் அம்மா மட்டும் இஸ்தோப்பை, முன் திண்ணையை, தாண்டி உள்ளே வரமாட்டார். எங்களுக்கு அப்போது காரணம் தெரியாது, குளிர் காய்கிறார் என்று நினைத்தோம். கூடி உட்கார்ந்தோம் என்று முதலில் எழுதினேனே, அந்தக் கூட்டத்தில் அவர் இருக்கவில்லை. இதை நேற்று வரைக்கும் நான் யோசிக்கவில்லை.

கூடிப் பார்த்த காலம் நல்லது என்ற என் பேச்சை நான் விடவில்லை. ஆனால் 'நாம்' என்று எல்லாரையும் சேர்த்து எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

பசறை டீச்சர்

வத்தளைத் தங்கச்சி, நான் அந்தத் தெப்பக் கட்டத்தை மொழிபெயர்த்திருக்கிறேன். அம்மா கரையில் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "பத்திரமா இரு புள்ள" என்று நானாகச் சொன்னேன். உண்மையில் அந்த அம்மா என்ன சொன்னாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு எங்கள் தோட்டத்தில் பிறந்த ஒரு பெண் பிள்ளைக்கு ஓஷினி என்று பேர் வைத்தார்கள். என்னிடம்தான் படித்தாள்.

கொட்டகலை2000

இதையெல்லாம் வாசித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன், நம் வீட்டில் பழைய வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று. தகரப் பெட்டிக்குள் மாமா கல்யாணக் கெசட் ஒன்று இருக்கிறது. கல்யாணத்தைப் படம் எடுத்தவர் ஏற்கனவே டீவியிலிருந்து பதிந்த பழைய கெசட்டைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டாராம். கல்யாணம் முடிந்ததும் கடைசியில் பழைய ரூபவாஹினி வரும், விளம்பரமெல்லாம் இருக்கும் என்கிறார். லேபிளில் பென்சிலால் ஏதோ எழுதி அழித்திருக்கிறது. 'ஓ' என்ற எழுத்து மட்டும் தெரிகிற மாதிரி இருக்கிறது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. யாரிடமாவது கெசட் போட்டுப் பார்க்கிற டெக் இருக்கிறதா? பக்கத்து வீட்டு அண்ணன் ஒன்று தருகிறேன் என்கிறார், இன்றைக்கே போட்டுப் பார்க்கலாம்.

பெட்டரிக்கடை

தம்பி, போடாதீர்கள்! முதலில் கெசட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி வழியாகச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் தூளாக அல்லது கோடு கோடாக இருந்தால் அது பூஞ்சணம். நம் பக்கத்து ஈரத்துக்கு நூற்றில் பாதி கெசட் அப்படித்தான் இருக்கும் என்பது என் அனுபவம். அதை டெக்கில் போட்டால் பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டும், நாடா சிக்கி அறும், அடுத்து போடுகிற கெசட்டுக்கும் பரவும். நாடாவை அடுப்புப் பக்கம் வைத்துக் காய வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வளைந்துவிடும். அரிசிக்குள்ளும் போட வேண்டாம், தூசு போகும். ஒரு பொலித்தீன் பைக்குள், மருந்துப் போத்தலில் வருகிற சின்ன ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் சிலவற்றோடு போட்டுக் கட்டி வையுங்கள். நிற்க வைக்க வேண்டும், படுக்க வைக்கக்கூடாது.

என்னிடம் திருத்தி வைத்த டெக் ஒன்றும், அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுக்கிற சின்னப் பெட்டியும் இருக்கின்றன. பூஞ்சணம் இருந்தால் கெசட்டைக் கழற்றி நாடாவைக் கையால் துடைத்து, வேறு கூட்டுக்கு மாற்றித்தான் ஓட்டுவேன். ஒரே தடவைதான் ஓட்ட முடியும் என்று நினைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அப்படிப்பட்ட நாடா இரண்டாம் தடவை தாங்காது. அடுத்த ஞாயிறு வாருங்கள்.

ரேடியோக்காரர்

நானும் வருகிறேன். என்னிடம் ரேடியோவிலிருந்து பதிந்த பாட்டுக் கெசட்டுகள் ஒரு பெட்டி இருக்கின்றன. பாட்டுக்கு நடுவில் அறிவிப்பாளர் குரல் விழுந்துவிட்டதே என்று அந்தக் காலத்தில் வருத்தப்பட்டேன். இப்போது பாட்டு எல்லாம் எங்கேயும் கிடைக்கிறது, அந்தக் குரல்தான் கிடைக்கவில்லை. அதையும் எடுத்துத் தர முடியுமா?

பெட்டரிக்கடை

கொண்டு வாருங்கள் ஐயா. அது இதைவிட லேசு.

தொங்கல்லயம்

நானும் மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். தலவாக்கலையிலிருந்து காலை ரயில் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிடலாம். வத்தளையிலிருந்து எழுதியவர் வர முடியுமானால் செலவு எங்களுடையது.

வத்தளையிலிருந்து

ஞாயிறு எனக்கு லீவு இல்லை அண்ணன். எடுத்த பிறகு அனுப்பி வையுங்கள். அந்த ஆற்றுக் கட்டம் இருந்தால் முதலில் அதை.

கொட்டகலை2000

பார்த்தேன். ஓரத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் இருக்கிறது. பைக்குள் போட்டுக் கட்டிவிட்டேன். நிற்க வைத்திருக்கிறேன்.

பசறை டீச்சர்

பசறையிலிருந்து பதுளைக்கு வந்து பண்டாரவளை பஸ் பிடிக்கிறேன், ஒன்பது மணிக்குள் வந்துவிடுவேன். ஓஷின் இருந்தால் நடுவில் நிறுத்தாதீர்கள். யாருக்காவது சிங்களம் விளங்காவிட்டால் தொங்கல்லயம் அண்ணன் மொழிபெயர்க்கட்டும். நான் டீவிக்கு நேரே உட்காரப் போகிறேன்.